குறும்புக் கப் கேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் கேக் ஏன் உப்பவில்லை, ஏன் வெடித்தது என்று கேட்கிற வாசகர்கள், ஏப்ரல் முதல் தேதி நெருங்கும்போது யாரை எப்படி ஏமாற்றலாம் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் ‘ஏப்ரல் ஃபூல்’ என்பதைக் குறிக்கும் ஏ, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் செதுக்கி, மையில் தோய்த்து, முன்னே நடப்பவருடைய சட்டை முதுகில் முத்திரை குத்திய தலைமுறையைச் சேர்ந்தவள் நான். (ஏ எப்படிச் செதுக்கினாலும் சரியாக விழும், எஃப்தான் திரும்பி விழுந்து நம்மைக் காட்டிக்கொடுக்கும்.) அந்த மைக்கறையைத் துவைத்துத் துவைத்து அலுத்த தாய்மார்களை நினைத்தால், குறும்பு சட்டையிலிருந்து கப் கேக்குக்கு இடம்பெயர்ந்திருப்பது நல்லதாகவே தோன்றுகிறது. இம்மாதக் கடிதங்களில் எட்டுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: என் அக்காவின் பிள்ளைகள் இருவர், எட்டு வயதும் பதினொரு வயதும், விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வெளியே சாதாரணக் கப் கேக் போலவும், கடித்தால் உள்ளே எதிர்பாராத ஒன்று இருக்குமாறும் செய்து கொடுக்க ஆசை. வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. எப்படிச் செய்வது, உள்ளே எதை வைப்பது? (கோவை வாசகி)

ப: எதை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை எளிது. பிள்ளையார் சதுர்த்தியன்று நம் வீடுகளில் தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டையைக் குவித்த வடிவிலும், உளுந்துப் பூரணக் கொழுக்கட்டையைப் பிறை வடிவிலும் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் மேல்மாவு ஒன்றுதான். வெந்த பிறகு வெள்ளை நிறத்தை மட்டும் வைத்து உள்ளிருப்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால், வெல்லத்தை எதிர்பார்த்துக் கடிக்கும் குழந்தையின் வாயில் பச்சை மிளகாயும் உளுந்தும் அகப்பட்டு அது முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக, வடிவத்தையே அடையாளமாக வைத்தார்கள் பாட்டிமார்கள். குறும்புக் கப் கேக் செய்கிறவர் அந்த அடையாளத்தை எடுத்துவிடுகிறார், அவ்வளவே வித்தை. உளுந்துப் பூரணம் கெட்ட பண்டமன்று, எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் தட்டு காலியாகும் பண்டம். நீங்கள் வைக்கும் எதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். தனியாகத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் உண்ணக்கூடியதாக இருந்தால், அது கேக்குக்குள்ளும் போகலாம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் சமையலறையில் பஞ்சமே இல்லை. வேகவைத்துத் தாளித்து உதிர்த்த அதே உளுந்துப் பூரணம், வெண்ணெய் சேர்த்த உருளைக்கிழங்கு மசியல், கெட்டியாகக் காய்ச்சிய புளியும் வெல்லமும், தேனில் ஊறிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி நறுக்கியது, எலுமிச்சைச் சாற்றில் குழைத்த பனீர் ஆகிய ஐந்தையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் புளியும் வெல்லமும்தான் சிறுவர்களிடம் நன்றாக எடுபடுகிறது. முதல் நொடியில் கண் சுருங்கும், அடுத்த நொடியில் இன்னொன்று கேட்பார்கள். உளுந்துப் பூரணம் பெரியவர்களுக்கே பொருத்தம். அவர்களுக்குத்தான் அது இருக்க வேண்டிய இடம் எது என்று தெரியும்.

இனி கேக். பன்னிரண்டு கப் கேக்குக்கு, புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றே கால் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. தயிரில் சர்க்கரையைக் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கலந்து ஐந்து நிமிடம் வைத்தால், தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து நுரை கட்டும். முட்டை செய்ய வேண்டிய வேலையில் பாதியை இந்த நுரை செய்துவிடுகிறது. பிறகு எண்ணெயும் எசென்ஸும் ஊற்றி, சலித்த மைதாவை இரண்டு தவணையாகச் சேர்த்து, மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த அந்தக் கணத்தில் கரண்டியை எடுத்துவிடுங்கள். கட்டி உடைய வேண்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவின் பசைப்புரதம் இறுகி, கேக் ரொட்டி போல இழுபடும். காகிதக் கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள்.

எடுத்தவுடன் குடைய வேண்டாம். முழுவதும் ஆற ஒரு மணி நேரம் பிடிக்கும். சூட்டில் குடைந்தால் உதிர்ந்து சுவர் விழுந்துவிடும். ஆறியபின் சிறு கத்தியைச் சாய்வாகப் பிடித்து, மேலே ஒரு ரூபாய் நாணய அகலத்தில் வட்டமாக அறுத்தால், கூம்பு போல ஒரு துண்டு கையோடு வரும். கூம்பின் கூர்முனையை வெட்டி நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தட்டையான மேல்பகுதி மூடியாகும். குழி, கேக்கின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கலாம், அடியைத் தொடக் கூடாது. ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து, மூடியை அழுத்தி, மேலே 100 கிராம் வெண்ணெயும் 200 கிராம் ஐசிங் சர்க்கரையும் அடித்த கிரீமைச் சுழற்றிவிட்டால் வெட்டிய தடமே தெரியாது. ஏப்ரல் வெயிலில் வெண்ணெய் இளகிவிடும் என்பதால் பரிமாறும்வரை குளிர்பெட்டியில் வையுங்கள்.

பன்னிரண்டிலும் குறும்பு வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் வைத்தால் இரண்டாவது கேக்கை எவரும் நம்பித் தொடமாட்டார்கள். மூன்றோ நான்கோ போதும். எஞ்சியவற்றையும் அதே போல் குடைந்து, ஜாமோ சாக்லேட்டோ வையுங்கள், எடையும் தோற்றமும் ஒன்றாக இருக்கும். எது எது என்பது உங்களுக்கு மட்டும் தெரிய ஒரு வழி வேண்டுமல்லவா? நல்லவற்றுக்குக் கிரீமை வலம்புரியாகவும் குறும்புக்கு இடம்புரியாகவும் சுழற்றுங்கள். சங்கையும் பிள்ளையார் துதிக்கையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் குறி மறக்காது.

கே: கேக்குக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுட்டேன். மசாலா முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே பெரிய பொந்து. அதைவிட வியப்பு, மசாலாவைச் சுற்றிக் கேக்கில் குங்குமம் தடவியது போலச் சிவப்புக் கறை. நான் நிறமே சேர்க்கவில்லை. (திருச்சி வாசகி)

ப: குங்குமம் தடவியது போல என்று நீங்களே விடையையும் எழுதிவிட்டீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் சிவக்கிறதே, அதுதான் உங்கள் கேக்கிலும் நடந்திருக்கிறது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தன்மையுள்ள (மிளகாய்க் காரமன்று, புளிப்புக்கு எதிரான தன்மை) பொருளைச் சந்தித்தால் சிவக்கும். சுண்ணாம்பைப் போலவே சமையல் சோடாவும் காரத்தன்மை உடையது. மாவில் சோடாவைச் சமன்செய்யும் அளவுக்குப் புளிப்பு இருந்தால் கறை வராது. எனவே நீங்கள் சோடாவைச் சற்றுத் தாராளமாகப் போட்டிருக்கிறீர்கள் அல்லது தயிர் போதவில்லை. உண்பதற்குத் தீங்கில்லை, சோடாவின் சவர்க்காரச் சுவைதான் நாவில் நிற்கும். மஞ்சள் சேர்க்காத மசியல் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அமிழ்ந்ததற்குக் காரணம் வேறு. மாவு ஓவனுக்குள் போனதும் இறுகுவதில்லை. சூடேறும்போது முதலில் இன்னும் தளர்ந்து நீர்க்கிறது, அதன் பிறகே மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கெட்டிப்படுகிறது. அந்த இடைவெளியில் கனமான மசாலா கீழிறங்கிவிடுகிறது. அதிலுள்ள ஈரம் ஆவியாகி மேல்நோக்கித் தள்ளுவதால் பொந்து உண்டாகிறது. பூரணத்தில் மைதாவைப் புரட்டிப் போட்டால் அமிழாது என்று சொல்வார்கள். உலர்திராட்சைக்கு அது ஓரளவு உதவலாம், உருளைக்கிழங்கு உருண்டைக்கு உதவுவதை நான் பார்த்ததில்லை.

ஆகவே சுட்ட பிறகு குடைந்து நிரப்புவதே நல்ல முறை. அப்படியன்றி உள்ளேயே வைத்துச் சுட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பூரணத்தைக் கோலிக்குண்டு அளவு உருட்டி உறைபெட்டியில் கல் போல உறையவைத்து, கெட்டியான மாவைப் பாதிக் கிண்ணம் ஊற்றி, உருண்டையை வைத்து, மேலே மாவால் மூடுங்கள். அது உருகித் தளர்வதற்குள் சுற்றியுள்ள மாவு இறுகிவிடும். சாக்லேட்டுக்கு இந்த முறை நன்றாக வருகிறது. உருளைக்கிழங்கு, பனீர் போன்ற ஈரமான பூரணம் வைத்தவற்றை, எந்த முறையில் செய்தாலும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நம் ஏப்ரலில் ஒரு மணி நேரமே அதிகம்.

கே: நான் டோர்ட்முண்டில் வசிக்கும் ஈழத்தமிழ்ப் பெண். போன டிசம்பர் 31 அன்று வேலைத்தலத்தில் எல்லோருக்கும் சீனி தூவிய உருண்டைப் பணிஸ் (பன்) கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஜாம்; எனக்குக் கிடைத்ததில் கடுகுச் சாந்து! எல்லோரும் சிரித்தார்கள். புதிதாக வந்தவள் என்பதால் என்னைக் குறிவைத்தார்களோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. (ஜெர்மனி வாசகி)

ப: அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அது உங்களுக்கென்று செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் ஊரறிந்த வழக்கம் அது. பெர்லினர் என்றும், பெர்லின் நகரத்திலேயே ஃபான்கூகன் என்றும், தெற்கே கிராப்ஃபென் என்றும் அழைக்கப்படும் அந்த எண்ணெயில் பொரித்த பண்டத்தைப் புத்தாண்டுக்கு முந்தைய இரவிலும் கார்னிவல் நாள்களிலும் உண்பார்கள். ஒரு தட்டில் ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதிலாகக் கடுகுச் சாந்தை நிரப்பி, அது யாருக்கு வாய்க்கிறது என்று பார்ப்பது அப்போதைய விளையாட்டு. குறும்புக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் வேறில்லை. பொரித்தெடுத்த பிறகு பக்கவாட்டில் குழல் செருகித்தான் உள்ளே நிரப்புகிறார்கள். ஜாம் வைத்ததிலும் அதே துளைதான் இருக்கும், சீனி இரண்டையும் ஒன்றாக மூடிவிடும்.

பொரித்த பிறகு நிரப்புவதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடுகு விதையை முழுதாக மென்றால் உடனே காரம் தெரியாது. விதை நொறுங்கி ஈரம் பட்டவுடன் அதிலுள்ள நொதி வேலை செய்து அந்தக் காரப்பொருளை உண்டாக்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் கடுகைத் தாளித்தால் நொதி அழிந்துவிடுகிறது. அதனால்தான் ரசத்தில் மிதக்கும் கடுகு நம்மை ஒன்றும் செய்வதில்லை, பச்சையாக அரைத்துச் சேர்க்கும் ஆவக்காய் ஊறுகாயில் மூக்கு வரை ஏறுகிறது. மிளகாயின் காரம் நாவில் தங்கி எரியும். கடுகின் காரம் ஆவியாகி மூக்கில் ஏறிச் சில நொடிகளில் இறங்கிவிடும். விளையாட்டுக்குப் பொருத்தமான காரம் என்றால் அது இதுதான்.

உண்பதற்குள் வேறொன்றை ஒளித்து வைத்து விருந்தினரை அதிர வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. 1598-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஓர் இத்தாலியச் சமையல் நூல், உயிருள்ள பறவைகள் பறந்து வெளியேறும் ‘பை’ (மாவுக் கூட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்) ஒன்றைச் செய்யும் முறையைச் சொல்கிறது. மாவுக் கூட்டின் அடியில் துளையிட்டு, உள்ளே வெறும் மாவை நிரப்பிச் சுட்டு, அந்த மாவை எடுத்துவிட்டு, துளையின் வழியே உயிருள்ள பறவைகளை விட வேண்டும். அதோடு, உண்மையிலேயே உண்ணக்கூடிய சிறிய பை ஒன்றையும் அந்தக் கூட்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறது. விருந்தினர்கள் முற்றிலும் ஏமாந்து போய்விடக் கூடாது என்பதே அதற்கு அந்நூல் சொல்லும் காரணம். பறவைகள்மீது இரக்கப்படாத அந்தச் சமையற்காரர் விருந்தினர்மீதாவது இரக்கப்பட்டார். உங்கள் வேலைத்தலத்தில் கடுகுப் பணிஸுக்குப் பின் ஜாம் வைத்த ஒன்றை உங்கள் கையில் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் கணக்கு நேராகிவிட்டது. கொடுக்கவில்லையென்றால் வரும் டிசம்பரில் பணிஸ் வாங்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: விடுதியில் என் அறைத்தோழி எப்போதும் என் தின்பண்டங்களைக் கேட்காமல் எடுத்துத் தின்றுவிடுகிறாள். கப் கேக்குக்குள் மிளகாய் விழுதோ, பேதி மாத்திரையைப் பொடித்தோ வைத்தால் அவள் திருந்துவாள் அல்லவா? (சென்னை மாணவி)

ப: திருந்துவாளோ இல்லையோ, நீங்கள் சிறைக்குப் போகலாம். ஒருவருக்குத் தெரியாமல், அவருக்குத் துன்பம் விளைய வேண்டும் என்ற எண்ணத்தோடு, நஞ்சையோ உடலுக்கு ஒவ்வாத மருந்தையோ உட்கொள்ளச் செய்வது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 328-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவாக இருக்கிறது. பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்வதற்கு, திருந்த வேண்டும் என்று எழுதிய உங்கள் கடிதமே தடையாக நிற்கும். சட்டத்தை விடுங்கள், அவளுக்கு என்ன உடல்நிலை, வேறென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? கோடைக்காலத்தில் வயிற்றுப்போக்கால் நீர் வற்றினால் அது விடுதி அறையோடு முடிகிற காரியமன்று.

மிளகாய் விழுதும் வேண்டாம். இனிப்பை எதிர்பார்த்துக் கடித்தவர் காரம் பட்டதும் திடுக்கிட்டு மூச்சை உள்ளிழுப்பார். அப்போது கேக்குத் துகள் மூச்சுக்குழாய்க்குள் போக வழியுண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. எங்கேனும் யாரேனும் காரத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் கொடுப்பதில் பயனில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். மிளகாயின் காரப்பொருள் நீரில் கரைவதில்லை. பாலோ தயிரோ கொடுங்கள்.

உங்கள் பிரச்சினைக்குப் பூட்டுள்ள டப்பா ஒன்று வாங்குவது எளிய வழி. குறும்புதான் வேண்டுமென்றால், கேக்குக்குள் பட்டர் பேப்பரில் சுருட்டிய சீட்டு ஒன்றை வைக்கலாமே என்று நினைக்கலாம். அதையும் அவள் கவனியாமல் விழுங்கிவிடக்கூடும். டப்பாவுக்கு அடியில் வையுங்கள். கடைசிக் கேக்கை எடுத்த பிறகு அவளுடைய பெயரும் பாக்கித் தொகையும் அவள் கண்ணில் படட்டும்.

கே: எங்களிடம் ஓவன் கிடையாது. பேரப்பிள்ளைகள் கப் கேக் கப் கேக் என்கிறார்கள். இட்லிப் பானையை வைத்து அவர்களுக்கு ஏதாவது குறும்பு செய்ய முடியுமா? (மதுரை வாசகி, வயது 68)

ப: அம்மா, உங்கள் கடிதம்தான் இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓவன் உள்ளவர்களால் கேக்குக்குள் இட்லிச் சுவையை ஒளிக்கத்தான் முடியும். உங்களால் இட்லியையே கேக்காக ஆக்க முடியும். வெளிநாடுகளில் ஏப்ரல் முதல் தேதிக்கு இறைச்சியைக் கப் கேக் வடிவில் சுட்டு, மேலே உருளைக்கிழங்கு மசியலைக் கிரீம் போலச் சுழற்றி வைப்பது பலரும் செய்கிற வேடிக்கை. அந்த இறைச்சியின் இடத்தில் உங்கள் இட்லியை வையுங்கள்.

வழக்கமான இட்லி மாவைச் சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் எண்ணெய் தடவி முக்கால் பங்கு ஊற்றி, இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் வேகவையுங்கள். குழிவான இட்லித் தட்டைவிட ஆழம் அதிகம் என்பதால் ஈர்க்குச்சி செருகிப் பார்த்து எடுங்கள். கப் கேக் காகிதத்திலேயே ஊற்றி ஆவியில் வைத்தால் காகிதம் நைந்துவிடும். எனவே கிண்ணத்தில் வெந்து ஆறியதை எடுத்து, உலர்ந்த காகிதக் கிண்ணத்தில் பொருத்துங்கள். நடுவில் குடைந்து மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்ததை, பிள்ளைகள் வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு, வைக்கலாம். அது அவர்களுக்குப் பழகிய காரம்தான்.

மேலே கிரீமுக்கு, அரைக் கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்துச் சூடாக இருக்கும்போதே சல்லடையில் தேய்த்து இறக்கி, 50 கிராம் வெண்ணெயும் உப்பும் சேர்த்து, வெதுவெதுப்பான பாலைத் தளரும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மாவுச்சத்து வெளிவந்து பசை மாதிரி ஆகிவிடும். இரண்டு துளி பீட்ரூட் சாறு விட்டால், எந்தக் கடையிலும் கிடைக்காத ரோஜா நிறம். இடியாப்ப உரலில் நட்சத்திர வில்லையைப் போட்டுப் பிழிந்துவிட்டால் பைப்பிங் பை எதற்கு? பிள்ளைகள் ஏமாந்து முடித்தபின் சாம்பார் கிண்ணத்தைக் கொண்டு வாருங்கள்.

கே: வாயில் போட்டால் படபடவென்று வெடிக்கும் மிட்டாயைக் கேக்குக்குள் வைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. பழைய சரக்கா? (சேலம் வாசகி)

ப: சரக்கில் குற்றமில்லை. 1961-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 1970-களில் கடைகளுக்கு வந்த அந்த மிட்டாயில், உருகிய சர்க்கரைப் பாகுக்குள் கரியமில வாயுவை அழுத்தத்தில் செலுத்தி உறையவைத்திருக்கிறார்கள். சர்க்கரை கரைந்து குமிழின் சுவர் உடையும்போதுதான் அந்தச் சத்தம். கேக்கின் ஈரமே அதைக் கரைத்துவிட்டது. நீங்கள் சமையலறையில் வேறு வேலையாக இருந்தபோது அது உள்ளுக்குள் வெடித்து முடிந்திருக்கும். உருக்கிச் சற்று ஆறவைத்த சாக்லேட்டில் மிட்டாயைப் புரட்டி, உறையவைத்து, பரிமாறும் முன் குழியில் வையுங்கள். சாக்லேட்டின் கொழுப்பு ஈரத்தைத் தடுத்து நிறுத்தும்.

கே: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆண்டிறுதியில் நாற்பது குழந்தைகளுக்குக் கப் கேக் செய்து, ஒன்றில் மட்டும் நாணயம் வைத்து, அது கிடைத்தவருக்குப் பரிசு கொடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

ப: நாணயம் வேண்டாம், டீச்சர். பிரான்ஸில் ஜனவரி 6-ஐ ஒட்டி உண்ணும் கேக்கில் ஒரு மொச்சையை, பிற்காலத்தில் பீங்கான் பொம்மையை, ஒளித்து வைத்து, அது கிடைத்தவரை அன்றைக்கு அரசராக்கும் வழக்கம் இருக்கிறது; இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் ஆறு பென்ஸ் காசு வைத்தார்கள். ஆனால் இவை மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்து, எல்லோரும் கவனத்தோடு மெல்லும் விளையாட்டுகள். அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இனிப்புப் பண்டங்களுக்குள் உணவல்லாத பொருளைப் பொதித்து விற்பதைத் தடுப்பதால், உள்ளே பொம்மை அடங்கிய சாக்லேட் முட்டையை அங்கே விற்பதில்லை. பொம்மை ஒரு பாதியிலும் இனிப்பு மறு பாதியிலும் தனித்தனியாக இருக்கும் வகைதான் விற்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இதே வகை அரசர் கேக்கின் பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மையைப் பல கடைக்காரர்கள் உள்ளே வைக்காமல் பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் நாற்பதில் ஒன்றின் நடுவில் மட்டும் பீட்ரூட் சாறு கலந்த கிரீம் வையுங்கள். சிவப்பு வந்த குழந்தைக்குப் பரிசு. முழு நிலக்கடலை, முந்திரி, திராட்சை, கெட்டி மிட்டாய் எதையும் உள்ளே வைக்காதீர்கள். பாலோ கடலையோ கோதுமையோ ஒவ்வாத பிள்ளை யாராவது உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள், அப்படிக் கேட்பதால் குறும்பு வெளிப்பட்டுவிடாது. முட்டையும் அப்படியே: முட்டை உண்ணாத வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பதை நான் குறும்பு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கே: போன ஏப்ரலில், வெல்லத்தில் கிண்டிய பாகற்காய்த் தொக்கைக் கப் கேக்குக்குள் வைத்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். கணவரும் நாத்தனாரும் அலறினார்கள். என் மாமனார் மட்டும் முகம் மாறாமல் முழுவதையும் உண்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குக் கசப்பு தெரியவில்லையா, கோபமா? (தஞ்சாவூர் வாசகி)

ப: வயது ஏறும்போது நாவின் கூர்மை பலருக்கும் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் பாகற்காயைத் தெரியாத அளவுக்கு அது குறைந்திருந்தால் காலையில் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார்; உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. கோபம் என்றால் பாதியில் வைத்திருப்பார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த மேசையில் உங்கள் விளையாட்டைச் சரியாக ஆடியவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் அலறியவுடன் உங்களுக்கு அன்றைய பொழுது முடிந்துவிட்டது. அவரோ ஓர் ஆண்டாக உங்களை யோசிக்க வைத்திருக்கிறார்.

இந்த ஏப்ரலில் அவரிடம் கேட்காதீர்கள். அன்று காலையில் அவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு, வழக்கமில்லாத வழக்கமாக, உங்களுக்கென்று அல்வாவோ ஜாங்கிரியோ வாங்கி வந்து அன்போடு நீட்டினால், முதலில் கொஞ்சம் பிட்டுப் பாருங்கள்.